தராசுக்கு முன்னால் ஆறு இட்லி

எடை பார்க்கப் போகிற காலையில் அவள் ஆறு இட்லி தின்பாள்.

சுற்றிலும் பெண்கள் எச்சிலைக்கூட விழுங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். முந்தைய நாள் மத்தியானத்தோடு தண்ணீரை நிறுத்தியவர்கள். உதடு வெடித்து, கண் குழிக்குள் போய், காலிப் பாட்டிலில் துப்பிக்கொண்டே இருப்பார்கள். துப்புகிறதெல்லாம் தராசில் குறையும் என்று ஒரு கணக்கு. அவர்களுக்கு நடுவில் இவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்பாள். மிளகாய்ப் பொடியில் விரலால் குழி பறித்து நல்லெண்ணெய் விடுவாள். அந்த வாசனை எழுந்து, ஒவ்வொருத்தி முன்னாலும் நின்று முகம் பார்த்துவிட்டு நகரும். ஒருமுறை ஒரு பெண் வாய்விட்டு அழுதுவிட்டாள்.

"ஏட்டி, அங்கன தள்ளிப் போயித் தின்னேன்" என்று நான் பல்லைக் கடித்தேன்.

"எதுக்கு? அவளுகளப் பட்டினி கெடன்னு நானா சொன்னேன்?" என்றவள், அழுதவளிடம் திரும்பி, "ஏ பிள்ளே, தராசுல ஏறி எறங்கிட்டு நேரா என்ட்ட வா. ரெண்டு எடுத்து வைக்கேன்" என்றாள்.

எடுத்தும் வைத்திருந்தாள். அன்று சாயங்காலம் அவளுக்குச் சண்டையே அந்தப் பெண்ணோடுதான்.

பாளையங்கோட்டையில் பெண்கள் கையுறை மாட்டிக்கொண்டு குத்துவது அப்போது புதிது. அரிசி மூட்டை அடுக்கிக் கிடந்த ஒரு பழைய கிட்டங்கியைக் கூட்டிப் பெருக்கி, நாலு கம்பம் நட்டு, கயிறு கட்டி, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த மாஸ்டர் எங்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தார். நான் நாற்பத்தெட்டு கிலோப் பிரிவு. எந்தப் போட்டியானாலும் முதல் நாளே தோற்றுவிடுவேன். மிச்ச நாளெல்லாம் அவள் மூலையில் துண்டும் தண்ணீரும் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவளை நான் அதிகம் பார்த்தது அந்த மூலையிலிருந்துதான். வியர்த்த பிடரி, வாயைத் திறந்து தண்ணீருக்காக அண்ணாந்த முகம், பல்லுக்குக் கவசமாக வைத்திருந்த ரப்பரை என் உள்ளங்கையில் துப்பிவிட்டு அவள் கேட்கிற முதல் கேள்வி: "நல்லாத்தானட்டி போவுது?" நன்றாகப் போகாத நாளிலும் அதே குரல்.

கிட்டங்கியிலிருந்து மூட்டைகள் போய்விட்டன. மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு மட்டும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் அதில் ஏற வேண்டும். யார் எவ்வளவு என்று மாஸ்டர் சுவரில் சாக்பீஸால் எழுதுவார். எங்கள் எண்கள் ஆடிக்கொண்டே இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால் ஏறும், பரீட்சை வந்தால் இறங்கும். அவள் எண் ஆடாது. ஐம்பத்தெட்டரை. ஐப்பசி மழையிலும் ஐம்பத்தெட்டரை, மாம்பழக் காலத்திலும் ஐம்பத்தெட்டரை. காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்த வாரம் இந்தத் தடவையாவது குறைந்திருப்பாள் என்று எல்லோரும் தராசைச் சுற்றி நின்றோம். ஐம்பத்தெட்டரை. மாஸ்டர் அழித்து எழுதுவதை விட்டுவிட்டார். அதே எண்ணின் மேலேயே சாக்பீஸை ஓட்டி ஓட்டி அது சுவரில் தழும்புபோலப் புடைத்து நின்றது.

குத்துச்சண்டைக்கு அதைவிட மோசமான எடை கிடையாது. ஐம்பத்தேழு கிலோவரை ஒரு பிரிவு. அதைத் தாண்டினால் அறுபதுவரை அடுத்தது. ஒன்றரைக் கிலோ காய்ந்தாளென்றால் கீழ்ப்பிரிவில் எல்லோரையும்விடப் பெரியவள் இவள்தான். காயாவிட்டால் மேல்பிரிவில் எல்லோரையும்விடச் சின்னவள். ஏனென்றால் அங்கே நிற்கிறவர்கள் அறுபத்து மூன்று, அறுபத்து நாலிலிருந்து தண்ணீரை வடித்துவிட்டு இறங்கி வந்தவர்கள். ஒன்றரைக் கிலோ என்பது ஒரு சாயங்காலத்து வியர்வை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடினால் போய்விடும்.

"ஒரு நாளு வாயக் கட்டுளா. ஐம்பத்தேழுல ஒன்னத் தொட ஆளு கெடையாது" என்று மாஸ்டர் கெஞ்சுவார்.

"நான் ஐம்பத்தெட்டரை மாஸ்டர்."

"அது தெரியும், கோட்டிக்காரி. தராசுல நிக்க ஒரு நிமிசம் ஐம்பத்தேழா இரு. எறங்கி வந்து பூராப் பானையையும் குடி."

"அந்த ஒரு நிமிசம் நிக்கது யாரு மாஸ்டர்?"

மாஸ்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

பேட்டையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறை ஒன்றில் அவளுக்கு வேலை. அடித்து ஒட்டி வருகிற கேட்டுக்குத் துருப்பிடிக்காமல் முதலில் ஒரு செங்காவிப் பூச்சு பூச வேண்டும். கேட்டின் பூ வேலைக்குள்ளும் வளைவுக்குள்ளும் பிரஷ் போகாது என்று விரலில் துணி சுற்றிப் பூசுவாள். விரல் ரேகைக்குள் அந்தச் சிவப்பு ஏறி உட்கார்ந்துவிட்டது. எந்த எண்ணெய்க்கும் இறங்கவில்லை. பெண்களுக்கு எடை பார்க்கிற டீச்சர் முதல் நாள் அவள் கையைப் பார்த்துப் பதறி, "ஏசுவே, என்ன பிள்ளே ரத்தம்?" என்றார்.

"ரத்தமில்ல டீச்சர். கேட்டு."

ஏன் காயமாட்டேன் என்கிறாய் என்று நான் ஒரே ஒரு தடவை நேராகக் கேட்டேன். பட்டறை வாசலில், அவள் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தபோது. "பெயிண்ட எளக்குத தின்னர கூட ஊத்துனா வேல சட்டுன்னு ஓடும். பளபளன்னும் இருக்கும். ஓனரு வந்து பாத்துட்டு நல்லாருக்கும்பாரு" என்றாள். "ஒரு மழைக்குத் தாங்காது. எனக்கு அப்படிப் பூச வராதுட்டி." அவ்வளவுதான் கிடைத்த விளக்கம். சொல்லி முடித்ததும் இருமினாள். தின்னர் நெடியில் மார்பு கெட்டுக்கொண்டு வந்தது. இந்த வேலையை விட்டுவிடு என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. விட்டால் வேறென்ன என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

அதை மாஸ்டர் சொன்னார். மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை. வயது வரம்பு அவளுக்கு அந்த வருஷத்தோடு முடிகிறது. ஒரே போட்டி, ஒரே தங்கம், அதற்கு அப்பால் காக்கிச் சட்டை. இந்தப் பக்கம் தகரக் கூரை, தின்னர், இருமல். எங்கள் கிட்டங்கியில் இது தெரியாத ஆள் இல்லை.

மாஸ்டருக்குத் தராசின் சரித்திரம் மனப்பாடம். பயிற்சி முடிந்து கையில் சுற்றிய துணியை நாங்கள் அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது ஆரம்பிப்பார்.

"அந்தக் காலத்துல காசுக்குச் சண்ட போடுதவனுக்கு, சண்ட அன்னைக்குத்தான் தராசு. காலம்பற ஏறி எறங்குவான், சாயந்தரம் மணி அடிச்சிரும். குடிச்சுத் தேற நேரமிருக்காது. காஞ்சவன் காஞ்சபடியே நின்னு அடி வாங்கணும். அதனால ஓரளவுக்கு மேல காய மாட்டான். பயம் இருந்துது. பொறவு, காஞ்ச மண்டையில அடி விழுந்து ஆளு செத்துப்போறான்னு பெரியாளுக கூடிப் பேசி, தராச முந்தின நாளைக்குத் தள்ளி வச்சாக. நல்லதுக்குத்தான் செஞ்சாக. என்ன ஆச்சு?"

"நல்லாக் குடிச்சு, தூங்கி எந்திச்சு வந்திருப்பான்" என்றேன்.

"வந்தான். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் கையில இருக்குன்னு தெரிஞ்சதும், முன்னால ரெண்டு கிலோ காஞ்சவன் ஆறு கிலோ காய ஆரம்பிச்சான். தராசுல ஒரு ஆளு, கயித்துக்குள்ள வேற ஆளு. அன்னைக்கு அறுபதுன்னா அறுபது. இன்னைக்கு அறுபதுன்னா, அது நேத்து சாயந்தரம் அஞ்சு மணிக்கு அவன் இருந்த எட."

மணிமுத்தாறு அணையில் நீர்மட்டம் எழுதிப் போடுகிற பலகை எனக்கு நினைவு வரும். மதகு திறப்பதற்கு முன்னால் போனவன் ஒன்று படிப்பான், திறந்த பிறகு போனவன் இன்னொன்று படிப்பான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எப்போது பார்த்தாய் என்று கேட்காதவன்தான் ஏமாந்தவன். மனிதனையும் இப்படி அளக்கலாம் என்பதும், அளக்கிற நேரத்தை நகர்த்தினால் மனிதனே நகர்ந்துவிடுவான் என்பதும் எனக்குப் பெரிய திகைப்பாக இருந்தது. ஒரு தலைமுறையின் பெருங்கனத்தான் அடுத்த தலைமுறையில் நடுத்தரப் பிரிவில் வந்து நிற்கிறான். எலும்பு மாறவில்லை, தராசு மாறவில்லை, கடிகாரத்தை மட்டும் யாரோ தள்ளிவைத்தார்கள்.

அவள் பனங்கிழங்கு நாரை உரித்துக்கொண்டே கேட்டாள். "நமக்கு எப்படி மாஸ்டர்?"

"நமக்கு அந்தக் காலத்து ஞாயந்தான். எத்தன நாளு சண்டையோ அத்தன காலையும் தராசு."

"அப்பம் நான் அத்தன நாளும் சாப்பிடலாம்."

நாங்கள் சிரித்தோம். அவள் சொன்னதன் கணக்கு எனக்குப் புரியத் தூத்துக்குடி வரை போக வேண்டியிருந்தது.

அங்கே ஒரு காட்சிச் சண்டை, காசுக்குச் சண்டை போடுகிறவர்களின் விதிப்படி. முந்தைய நாள் சாயங்காலம் தராசு. எதிராளிப் பெண் வந்து நின்றாள். கன்னம் ஒட்டி, கழுத்து நரம்பு தெறித்து, கருவாடுபோல. அறுபது என்றார்கள். இவள் வழக்கம்போல ஐம்பத்தெட்டரை. மறுநாள் சாயங்காலம் கயிற்றுக்குள் வந்தவளைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோள் நிறைந்து, முகம் பொங்கி, நடையே வேறு. இவள் என் காதோரம் குனிந்து, "நேத்து வந்தது தங்கச்சிட்டி. இன்னைக்கு அக்காவ அனுப்பிட்டாக" என்றாள். அவ்வளவு பெரிய அடிகளை அவள் அதற்கு முன் வாங்கியதில்லை. விழவில்லை. விழாமல் தோற்றாள். திரும்பி வருகிற வழியில் வீங்கிய உதட்டின் ஓரத்தால் பரோட்டாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டு, "அவளும் பாவம்ளா. ஒரு நாளு கருவாடு, ஒரு நாளு ஆனை. அவ ஒடம்பு எதுன்னு அவளுக்கே தெரியாது" என்றாள். நான் அவள் கண்ணுக்கு ஐஸ் வைத்துப் பிடித்திருந்தேன்.

எங்கள் போட்டிகளில் அந்த ஆனை வர முடியாது. ராத்திரி குடித்தால் காலையில் மறுபடி காய வேண்டும். அதனால் போட்டியின் முதல் நாள் அவளுக்குக் கெட்ட நாள். எல்லோரும் பெரியவர்கள், எல்லோரிடமும் பலம் மிச்சமிருக்கும். தட்டுத் தடுமாறி ஜெயிப்பாள். இரண்டாம் நாள் எதிராளிகளின் கால் கொஞ்சம் கனக்கும். மூன்றாம் நாள் அவர்கள் கை இறங்கும். ஒவ்வொரு காலையும் அவர்களிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டே போகும். இவள் ஒவ்வொரு காலையும் ஆறு இட்லியோடு வந்து உட்காருவாள். கடைசி நாள் அவளுடையது. நதி கரையை அரிக்கிற மாதிரி, அவசரமே இல்லாமல், அவள் கடைசி நாளை நோக்கி வருவதை நான் மூலையில் நின்று பார்த்திருக்கிறேன்.

போலீஸ் வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. பெயிண்ட் வேலையைப் பிறகு எப்போதோ விட்டாள், ஜவுளிக்கடையில் நின்றாள், கல்யாணமாகி வடக்கே போனாள். இதெல்லாம் யாரோ சொல்லி நான் கேட்டது. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

மாநிலப் போட்டி அந்த வருஷம் எங்கள் ஊரிலேயே நடந்தது. இறுதிச் சண்டையன்று காலை. எட்டு மணிக்குத் தராசு மூடும். மணி அடித்து மூடுவார்கள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் கிடையாது. எதிராளி தருமபுரிப் பக்கத்துப் பெண். வயது பத்தொன்பது இருக்கும். தராசில் ஏறிப் பார்த்ததில் இருநூறு கிராம் கூடுதல். மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் மழைக்கோட்டு, பங்குனி வெயில். அவளுடைய பயிற்சியாளர் விசில் ஊதி ஊதி விரட்டிக்கொண்டிருந்தார்.

எடை பார்க்கிற அறைக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்து இவள் இட்லி தின்றுகொண்டிருந்தாள். இன்னும் தராசில் ஏறவில்லை. கடைசியில் ஏறுவதுதான் வழக்கம். ஐந்தாவது இட்லியைப் பிட்டவள் அப்படியே கீழே வைத்தாள். நான் அவளை அறிந்த காலத்தில் தட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தது அது ஒரு தடவைதான். நேராக மைதானத்தில் இறங்கி ஓடுகிறவளின் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏட்டி, இங்கன வா. தொட்டுப் பாரு."

தொட்டேன். சுட்டது. காய்ந்து, சொரசொரவென்று, ஒரு துளி ஈரம் இல்லை.

"வேர்வ நின்னுபோச்சு. எங்க பட்டறையில வெல்டர் அண்ணாச்சி விழுந்தாருல்லா, அன்னைக்கு அவரு கை இப்படித்தான் இருந்துது" என்றாள். அந்த வெல்டரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தார். "இவ நின்னா உனக்குச் சண்டையே இல்லாம தங்கம். நீ வந்து எங்களுக்கு வைத்தியம் சொல்றியா?"

அந்தப் பெண்ணிடம் பாட்டிலை நீட்டினாள். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். கண் எங்கேயோ பார்த்தது. "வேணாங்க்கா. நான் குடிச்சா நீங்க ஜெயிச்சிருவீங்க. அதுக்குத்தான் ஊத்த வர்றீங்க."

பெரிய உண்மை. யாரும் மறுக்க முடியாது. அந்தப் பெண் குடித்தாலும் இவளுக்குத் தங்கம். குடிக்காமல் விழுந்தாலும் தங்கம். எப்படியோ காய்ந்து அறுபதைத் தொட்டுச் சாயங்காலம் கயிற்றுக்குள் வந்தாலும், வேர்க்கக்கூடத் தெம்பில்லாத அந்த உடம்பில் இவள் கை விழும், அப்போதும் தங்கம். எல்லா வழியும் காக்கிச் சட்டைக்கே போயிற்று. மிச்சமிருந்த இட்லியைத் தின்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

"மணி என்ன?" என்று என்னைக் கேட்டாள்.

"எட்டாகக் கால் மணி இருக்கு."

பாட்டிலை அண்ணாந்து தன் வாயில் கவிழ்த்தாள்.

முதல் மடக்கில் எனக்குப் புரியவில்லை. தாகம் என்றே நினைத்தேன். இரண்டு லிட்டர் பாட்டில். நிறுத்தாமல், மூச்சுக்கு மட்டும் மூக்கை விட்டுவிட்டு, தொண்டை ஏறி இறங்க, அது பாதியைத் தாண்டிக் கீழே போனபோதுதான் புரிந்தது. பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"கோட்டி பிடிச்சிட்டா ஒனக்கு? நீ அறுபத தாண்டிருவளா! அந்தத் தின்னர் நெடியிலயே கெடந்து சாகப் போறியா?"

"குடிக்குத பிள்ளைய மறிக்காதட்டி" என்றாள். கால் பாட்டில் மிச்சம் வைத்து என் கையில் கொடுத்தாள். "இது அவளுக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தராசு அறைக்குப் போகிற நடையில் வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

நானும் பின்னால் போனேன். டீச்சர் தராசைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எத்தனையோ காலைகளில் அந்த உடம்பை ஒரே எண்ணில் பார்த்தவர்.

"எறங்கி ஏறு பிள்ளே."

இறங்கி ஏறினாள்.

"அறுபதுக்கு மேல முந்நூறு கிராம்" என்று டீச்சர் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. உடனே வேகமாகக் குசுகுசுத்தார். "நேரம் கெடக்கு. ஓடிப் போயி பாத்ரூம் போயிட்டு வா. போதும். எல்லாம் சரியாயிரும்."

"வரல டீச்சர்."

"மொகத்தப் பாத்தாலே தெரியுது வருதுன்னு!"

"எனக்கு வந்தா எனக்குத் தெரியாதா டீச்சர்? எழுதிக்கிடுங்க."

டீச்சர் எழுதி, எண்ணை வெளியே கேட்கப் படித்தார். திரைக்கு வெளியே ஆண்கள் நிற்கிற இடத்திலிருந்து மாஸ்டரின் குரல் கேட்டது. "ஏளா, என்னளா பண்ணிட்ட?" அதட்டலாகத் தொடங்கியது, முடியும்போது அழுகை.

அவள் வெளியே வந்தாள். அந்தப் பெண்ணைப் பிடித்துச் சுவரோரம் நிழலில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு முட்டியையும் சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு.

"டீச்சர் சொன்னது கேட்டேல்லா? நானும் கூட. ஒன்னவிடக் கூட. இனி நீ குடிச்சா நான் ஜெயிக்க மாட்டேன். குடி."

பயிற்சியாளர் விசிலைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவந்தார். "எந்திரி பாப்பா! அவ அவுட்டு! இருநூறு கிராம் எறக்கிட்டா சண்டையே கெடையாது, தங்கம் நமக்கு! எந்திரி!"

இதை நான் யோசித்திருக்கவில்லை. அவள் யோசித்திருப்பாள் என்று நினைக்கிறேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. போனால் போகட்டும் என்று கையை மட்டும் விரித்தாள்.

அந்தப் பெண் சுவரைப் பிடித்து எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். நின்று திரும்பிப் பார்த்தாள். கீழே உட்கார்ந்திருந்தவளின் நெற்றியில் வேர்வை கொட்டிக்கொண்டிருந்தது, உதடு பல்லுக்குள் போயிருந்தது, கால் விரல்கள் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன.

"அக்கா... அடக்கிக்கிட்டா இருக்கீங்க?"

"ஆமாட்டி. மணி அடிக்குத வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். நீ நம்பணும்லா? சீக்கிரம் குடிச்சுத் தொல. எனக்கு வயிறு வெடிக்கப் போவுது."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். பயிற்சியாளர் கத்திக்கொண்டிருந்தார்; அவர் வாய் அசைந்தது மட்டும் எனக்குத் தெரிகிறது, என்ன சொன்னார் என்று நினைவில்லை. பிறகு அந்தப் பெண் மண்டியிட்டு, என் கையிலிருந்த பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கி, வாயில் வைத்தாள். முதல் வாய் உள்ளே போகாமல் கக்கிவிட்டாள். "பைய, பைய" என்றாள் இவள், தன் முட்டியை விடாமலே. இரண்டாவது வாய் போயிற்று. மூன்றாவது போயிற்று. நான் மழைக்கோட்டைக் கழற்றினேன், ஸ்வெட்டர்களைக் கழற்றினேன், அவளைச் சாய்த்துப் படுக்கவைத்துத் துண்டால் விசிறினேன். டாக்டரைக் கூட்டிவர ஆள் ஓடியது.

எட்டு மணி அடித்தது.

"வழிய விடுங்க வே!" என்று ஒரு அலறல். வெறுங்காலோடு, வராந்தாவின் முழு நீளத்துக்கும், ஆண்கள் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு அவள் ஓடினாள். மாஸ்டர் சுவரோரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர், அவள் தன்னைக் கடக்கும்போது எழுந்தார். குதிகாலைச் சேர்த்து விறைத்து நின்றார், அணிவகுப்பில் நிற்கிறதுபோல. குளியலறைக் கதவு அறைந்து சாத்தும் வரை அப்படியே நின்றார்.

திரும்பி வந்தவள் ஈரக்கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு எங்களிடம் குனிந்தாள். படுத்திருந்தவளின் நெற்றியில் விரலை வைத்தாள். எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு ஏறிய அந்த விரலில் ஒரு மினுக்கம்.

"வேர்த்துட்டு" என்றாள். பிறகு என் முகத்துக்கு நேரே விரலை ஆட்டி, மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கக் கத்தினாள்: "ஏட்டி, வேர்த்துட்டு!"